கண்மாய்க்கரையில் இரண்டு பேரீச்சம்பழம்

இதை எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்து, மூன்று வருடமாகத் தள்ளிப் போட்டு வந்தேன். பேனாவை எடுப்பேன், முதல் வரியில் என் மகள் பெயரை எழுதுவேன், உடனே விளாங்குடியில் இருக்கும் என் அக்காவின் முகம் வந்து நிற்கும். "பொட்டப்பிள்ள விசயம்டா. எழுத்துல வந்துருச்சுன்னா அழியாது" என்பாள். நானும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வில்லாபுரத்தில் கிரைண்டர், மிக்சி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் போவதும், ராத்திரி குடும்பத்தோடு செபமாலை சொல்வதும், பகலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதும் தவிர எனக்கு என்ன தெரியும், நான் எதற்குப் பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். நான் போனது டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு கரிசல் காட்டுக்கு. வில்லாபுரத்துச் சந்துக்குள்ளேயே சுற்றி வருகிறவனுக்கு அதுவே வெளிநாடுதான்.

என் மகள் ரோஸிக்கு அப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஐந்து வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு மாத்திரையில் அடங்குகிறதே, அந்த மாதிரி இல்லை. அவள் உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஊசியில்தான் போட வேண்டும், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், தினமும். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அப்போது உடனே இனிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மயக்கம், அதற்கு மேலும் போகும். மற்ற நேரத்தில் அதே இனிப்பு அவளுக்கு ஆகாது.

இந்த விஷயம் பள்ளியில் தலைமை சிஸ்டருக்கும் வகுப்பு டீச்சருக்கும் மட்டும் தெரியும். நாளைக்கு ஓர் இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை என்று அக்கா சொன்னாள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். மதியம் கடையைச் சாத்திவிட்டுப் போய் சிஸ்டர் அறையில் ஊசி போட்டுவிட்டு வருவேன். மற்ற பிள்ளைகள் கேட்டால் சத்து ஊசி.

அந்த வருடம் பள்ளியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு இயற்கை மையம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பூச்சி, பறவை, தண்ணீர், மண் என்று கண்ணால் பார்க்க வைத்து அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்று நாள், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது. முந்தின வருடம் வகுப்பே ஒரு தோட்டம் பார்க்கப் போனபோது ரோஸி மட்டும் பள்ளியில் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே இந்தத் தடவை நானே சிஸ்டரிடம் போய் நின்றேன்.

"மூணு நாளும் நீங்க கூட வாங்க" என்றார் சிஸ்டர். "நல்லபடியா போச்சுன்னா, இனிமே வகுப்பு எங்க போனாலும் ரோஸியும் போகட்டும். ஏதாவது ஆச்சுன்னா என்னை மன்னிச்சிருங்க. அவ படமே வரையட்டும். எனக்கு மத்த பிள்ளைகளும் இருக்கு."

இனிப்புதான் பிரச்சினை. பிள்ளைகள் வேனில் ஏறினால் மிட்டாய் கை மாறாமல் இருக்காது. அதற்கும் அக்காதான் வழி சொன்னாள். "தவக்காலம்தானடா நடக்குது. ஒறுத்தல்னு சொல்லிரு. ஆண்டவருக்காக இனிப்ப விட்டிருக்கான்னா யாரு வற்புறுத்தப் போறா?" எங்கள் வீடுகளில் தவக்காலத்தில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் டீயை விடுவார். சொன்னால் எல்லாருக்கும் புரியும். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

முதல் நாள் வேன் கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் பாண்டி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பிறகு பிள்ளைகளுக்கெல்லாம் பூந்தி கொடுத்தார். ரோஸி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடுத்துக்க பாப்பா. கோயில் பிரசாதம்."

"நான் ஒறுத்தல், அங்கிள்."

"அப்படின்னா?"

"விரதம் மாதிரிண்ணே" என்றேன் நான்.

"இம்புட்டுப் பிள்ளைக்கு விரதமா?" பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான். பன்னு இல்லேன்னா பள்ளிக்கூடத்துக்குச் சட்டையே போட மாட்டான். அவன ஒரு வாரம் உங்க வீட்டுக்கு அனுப்பவாண்ணே?"

திருமங்கலம் தாண்டியதும் பிள்ளைகளின் சத்தத்தில் ஹாரன் கேட்கவில்லை. மையத்துக்குப் போய் இறங்கியபோது எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. அம்புட்டு அமைதி. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி, மாவு மில், என் கடை மோட்டார் எல்லாம் சேர்ந்து எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். அது இல்லாத இடத்தில் நிற்கும்போதுதான், வீட்டில் அது இருந்தது என்றே தெரிகிறது. ஓட்டுக் கட்டடம் ஒன்று, சுற்றிலும் வேப்பமரம், ஒரு பக்கம் மணல் பரப்பிய முற்றம். அவ்வளவுதான் மையம். கண்ணாடிப் பெட்டியும் பெரிய பெரிய பலகையும் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

அங்கே செல்வி என்று ஒரு டீச்சர். இருபத்தைந்து வயது இருக்கலாம். பிள்ளைகளை மணலில் குந்த வைத்தார். மணலில் புனல் புனலாகச் சின்னக் குழிகள். ஓர் எறும்பு ஒரு குழியின் விளிம்பில் சறுக்கியது. அடியிலிருந்து ஏதோ ஒன்று மணலை வாரி எறிந்தது. எறும்பு காணாமல் போயிற்று. 

"என்ன பாத்தீங்க?" என்றார் செல்வி டீச்சர்.

"பேய் டீச்சர்" என்றான் அருண் என்கிற பையன்.

"பேயப் பாத்தியா? பேய் எப்படி இருந்துச்சு?"

"பாக்கல. மண்ணுதான் பறந்துச்சு."

"அப்ப மண்ணு பறந்துச்சுன்னு சொல்லு. இங்க ஒரே ஒரு சட்டம்தான். பாத்தத மட்டும் மொதல்ல சொல்லணும். நெனச்சத அப்புறம் சொல்லலாம்."

பிறகு மணலைச் சல்லடையில் சலித்து அந்தப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பின்பக்கமாகவே நடக்கிற ஒரு சாம்பல் நிறப் பூச்சி. அருண் அதைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துவிட்டான்.

பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் தூரக்கண்ணாடியில் பறவையைப் பார்த்தால், ஜோடியாக இருப்பவர் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "கண்ணாடியில பாக்குற ஆளுக்குக் காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது. அதனால ஜோடிதான் அவருக்குக் கண்ணு." ரோஸிக்கு ஜோடியாக வந்தவள் சபீனா. தெற்குவாசலில் அவளுடைய அத்தா செருப்புக் கடை வைத்திருக்கிறார். தகப்பனாரை அவர்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்கள் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன.

மதியம் சாமைச் சோறு, கீரைக் கடையல், சுட்ட அப்பளம். மோட்டார் அறைக்குப் பின்னால் கூட்டிப்போய் ரோஸிக்கு ஊசி போட்டேன். சாப்பாடு உடனே வந்தது. நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கீரையில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் சமையல்கார அம்மா, "பசியத்தான் போட்டோம், வேற என்ன" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது வேனில் ஒரு சின்னச் சங்கதி நடந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோஸி பையைத் திறந்தாள், உள்ளே நாங்கள் எப்போதும் வைத்து அனுப்பும் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. சபீனா எட்டிப் பார்த்தாள்.

"ஒறுத்தல்னு சொன்ன. இது சீனிதான?"

ரோஸி பையை மூடிவிட்டாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வில்லாபுரம் வருகிற வரைக்கும் பை அவள் மடியிலேயே இருந்தது.

இரண்டாம் நாள் கண்மாய். முந்தின ராத்திரி ஒரு கோடைமழை அடித்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் செருப்போடு வந்துவிடும். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கிலோ மண்ணைக் காலில் தூக்கிக்கொண்டு கரையில் ஏறினார்கள். மேலே போனதும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரமெல்லாம் வெள்ளை. நாரைகள். கிளை தெரியவில்லை. கொக்கைத் தவிர வேறு பறவை பெயர் தெரியாத நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். இவ்வளவையும் படைத்து வைத்துவிட்டு ஆண்டவர், யாரும் பார்க்கவில்லையே என்று வருத்தப்படாமல் இருந்திருக்கிறார்.

"அந்த நாரைக்கு வாயி சரியா மூடல" என்று ரோஸி கண்ணாடியை எடுக்காமலே சொன்னாள். "நடுவுல சந்து இருக்கு."

செல்வி டீச்சர் அவள் தலையைத் தொட்டார். "அதுதான் நத்தைக்குத்தி நாரை. நத்தையப் பிடிக்கத்தான் அந்தச் சந்து. நான் சொல்லாம நீயே பாத்துட்ட பாரு." என் மகள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

வகுப்பு டீச்சர் பாதிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மடைப் பக்கம் போனார். ரோஸியும் மீதிப் பிள்ளைகளும் செல்வி டீச்சரோடு கரையில் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். சாப்பாடு மையத்திலிருந்து குட்டியானை வண்டியில் வர வேண்டும். கிளம்பிவிட்டது, இதோ வந்துவிடும் என்று போன் வந்தது. நான் ரோஸியைக் கரைக்கு அந்தப் பக்கம் மறைவாகக் கூட்டிப்போய் ஊசி போட்டேன்.

ஊசிப் பெட்டியைப் பையில் வைத்து மூடும்போதே பாண்டி ஓடி வந்தார். "அண்ணே, வண்டி சேத்துல எறங்கிருச்சு. இஞ்சினும் நின்னு போச்சாம். நீங்க மோட்டார் வேல தெரிஞ்ச ஆளு, கொஞ்சம் வாங்க."

வண்டி வந்தால்தான் என் பிள்ளைக்குச் சோறு. எனவே போனேன். ஊசிப் பெட்டியும் குளுக்கோஸும் இருந்த என் தோள்பை என்னோடு வந்தது. அவள் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும் என்ற தைரியம். காலையில் அவள் அதை எடுத்து வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்தது எனக்குத் தெரியாது. சபீனா மறுபடி கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளைக்குப் பயம்.

குட்டியானை பின்சக்கரம் பாதி வரை புதைந்து கிடந்தது. இஞ்சினை எப்படியோ கிளப்பிக் கொடுத்தேன். வண்டிக்காரர் முடுக்க, நானும் பாண்டியும் ஆடு மேய்க்கிற ஒருவரும் தள்ளினோம். சக்கரம் சுற்றிச் சுற்றி எங்கள் மூன்று பேரையும் கரிசல் பூசி விட்டது. ஆட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது மூணு பேரு தள்ளுற வண்டியில்ல, மாப்ள. சோத்தத் தலையில தூக்கிட்டு நடங்க" என்றார். சரி என்று சாம்பார் சாதத் தூக்கை இறக்கும்போது என் போன் அடித்தது. செல்வி டீச்சர்.

"ரோஸி அப்பா, பிள்ள ஒரு மாதிரி இருக்கா. வெயில்னு நெனச்சு நெழல்ல உக்கார வச்சேன். ஆனா சபீனா வேற என்னவோ சொல்றா."

பின்னால் சபீனாவின் குரல் கேட்டது. ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "உதட்டுக்கு மேல வேர்க்குது. கை நடுங்குது. நாரை எங்கன்னு கேட்டா அவ பேரச் சொல்றா."

பக்கத்தில் பாண்டி, ஆட்டுக்காரர், வண்டியோடு வந்த சமையல்கார அம்மா எல்லாரும் நிற்கிறார்கள். இரண்டு வருடமாக அக்காவைத் தவிரச் சொந்தக்காரர் யாருக்கும் சொல்லாத விஷயம்.

"விரதமெல்லாம் இல்ல டீச்சர்" என்றேன். "அவளுக்குச் சர்க்கரை. ஊசி போட்டுட்டேன், சோறு சாப்பிடல. கையில எது இனிப்பா இருந்தாலும் உடனே குடுங்க."

"குடுத்தாச்சு" என்றார் டீச்சர். "சபீனா ஏற்கெனவே குடுத்துட்டா. மென்னு முழுங்குறா. நீங்க வாங்க."

நான் ஓடினேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை. சேற்றில் ஒரு செருப்பு போய்விட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. என் பின்னால் பாண்டி சோற்றுத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

மரத்தடியில் நடந்ததைப் பிறகு பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். சபீனாவின் பாக்கெட்டில் இரண்டு பேரீச்சம்பழம் இருந்திருக்கிறது. வீட்டில் நோன்பு திறக்க வாங்கி வைத்ததிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது. அதை ரோஸி வாய்க்குக் கொண்டுபோனபோது அருண் தடுத்திருக்கிறான்.

"குடுக்காத. அவ ஒறுத்தல். சாமி கோவிச்சுக்கும்."

செல்வி டீச்சருக்கும் ஒரு நிமிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்தியான வீட்டுப் பிள்ளை, அப்பா அப்படிச் சொல்லியிருக்கிறார். ரோஸியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாளாம்.

சபீனா மட்டும் விடவில்லை. "முடியலேன்னா நோன்ப விட்டுரலாம். எங்க அத்தா சொல்லிருக்காக. அப்புறம் புடிச்சுக்கலாம். அல்லா ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஒங்க சாமியும் ஒண்ணும் சொல்லாது, வாயத் தொற."

ரோஸி வாயைத் திறந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் என்னைப் பார்த்து, "அப்பா, ஒரு செருப்பக் காணோம்" என்றாள். பார்த்ததை மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தேன், சோறு ஊட்டினேன். சேறு பூசிய பாண்டி ஆளுக்கு ஒரு தட்டாகச் சோறு போட்டார். எல்லாரும் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறின சாம்பார் சாதம். அதைவிட ருசியான சாப்பாட்டை நான் இன்று வரை சாப்பிட்டதில்லை. கடைசியில் பாண்டிதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொத நாளே சொல்லியிருந்தா வண்டியில ஒரு பாக்கெட் சீனி வச்சிருப்பேன்ல, அண்ணே. எலுமிச்சம்பழம் வைக்கிறேன், சீனி வைக்க மாட்டேனா?"

அவர் தட்டையும் வாங்கிக் கழுவி வைத்தேன்.

சாயங்காலம் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் ரோஸி வர்ணப் பென்சில் டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் படுத்தாள். அந்த டப்பாவைப் பார்க்க முடியாமல் என் மனைவி அதைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

மூன்றாம் நாள் அரை நாள்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பள்ளிக்குத் திரும்பிவிடுவார்கள். எப்படியும் கேட்டுப் பார்ப்போம் என்று ரோஸியோடு முன்கூட்டியே போய் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வந்து படியில் நின்றார்.

"ரோஸி அப்பா, எறங்குங்க."

நான் ரோஸியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"உங்களத்தான் சொன்னேன்" என்றார் சிஸ்டர். "பிள்ள உக்காரட்டும். நேத்து நீங்க பக்கத்துல இல்லாதப்பதான் அவளக் காப்பாத்தியிருக்காங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமே குடுத்திருப்பாங்க. இனி மறைக்க மாட்டேன்னு சொல்லுங்க, பிள்ளைய நான் எங்கயும் விட்டுட்டுப் போகல."

சொன்னேன். சர்க்கரை பார்க்கும் கருவி இருந்த என் தோள்பையை வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். சபீனா நகர்ந்து இடம் கொடுத்தாள். பாண்டி கண்ணாடி வழியாக ஒரு சீனிப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்று நான் கடையில் ஒரு கிரைண்டரைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மதியம் பள்ளி வாசலுக்குப் போனபோது வேன் வந்துவிட்டது. ரோஸி குதித்து இறங்கினாள். செல்வி டீச்சர் அன்று பூச்சியைக் காட்டவில்லையாம். ரோஸியின் சர்க்கரை பார்க்கும் கருவியை வைத்துப் பாடம் எடுத்தாராம். ரோஸி தானே விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வைத்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். என்ன பார்த்தீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"அருண் என்ன சொன்னான் தெரியுமாப்பா? ரோஸி அழலன்னு சொன்னான்."

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. வகுப்பு எங்கே போனாலும் போகிறாள். போகிற வண்டியில் சீனி இருக்கிறது.

இனி, ஏன் இதை எழுதினேன் என்று சொல்கிறேன். என் அக்கா நல்லவள். எங்களுக்காக அழுது செபித்தவள். விஷயம் வெளியே தெரிந்துவிட்ட பிறகு அவளே விளாங்குடியில் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அது மாறியது. கண்மாய்க்கரையில் பிள்ளை விழுந்தது, அப்பன் மாதாவே என்று கூப்பிட்டான், பிள்ளை எழுந்தது, அத்தோடு நோய் போயிற்று, இப்போது ஊசியே இல்லை என்று ஆகிவிட்டது. சபீனாவும் பேரீச்சம்பழமும் எங்கேயோ விழுந்துவிட்டார்கள். இந்தத் தவக்காலத்தில் ஒரு தாயும் தகப்பனும் சின்னப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். அவனுக்கும் இதே நோய்.

"நாங்களும் வேண்டிக்கிட்டோம், அண்ணே" என்றார் அந்தத் தாய். "நாளையில இருந்து ஊசிய நிறுத்தலாம்னு இருக்கோம். உங்க பிள்ளைக்கு எப்படி நிறுத்துனீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம்."

நான் பேசுவதற்குள் ரோஸி உள்ளேயிருந்து ஊசிப் பெட்டியோடு வந்தாள். அவளுக்குச் சாப்பாட்டு நேரம். அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, தானே போட்டுக்கொண்டாள். "நீ எங்க போட்டுக்குவ? கையிலயா, வயித்துலயா?" என்று அவனைக் கேட்டாள். அவன் வெட்கப்பட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். தாய் அழுதுவிட்டார். எல்லாருக்கும் தட்டுப் போட்டோம். அந்தப் பையனும் ஊசி போட்டுக்கொண்டுதான் எங்களோடு சாப்பிட்டான்.

அவர்கள் போனதும் ரோஸி சொன்னாள், "அப்பா, அத்தை பாத்தத விட்டுட்டு நெனச்சதச் சொல்லியிருக்காக. நீ எழுதிரு. என் பேரயே போடு."

ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை. அதை நான் எந்தக் கோயில் முன்னாலும் நின்று சொல்வேன். ரோஸிக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியிலும், அந்த ஊசியிலும், பாண்டி வைத்த சீனியிலும், தெற்குவாசல் செருப்புக் கடைக்காரர் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தையிலும் அவர் இருந்தார். இதைப் படிக்கிறவர்கள், இப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொல்லுங்கள். அழகுக்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம், கூச்சத்துக்காக ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். சொல்ல நேரம் இல்லாவிட்டால் நாரையை விட்டுவிடுங்கள், என் செருப்பை விட்டுவிடுங்கள். சபீனாவை விடாதீர்கள். ஊசியை விடாதீர்கள்.